வரைபடம் ஒருவரிடம், இயந்திரம் ஒருவரிடம், பெயர் ஒருவரிடம்: ரோவே 750 என்ற சீன செடான் உருவான விதம்

சீனக் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்து விழுகின்றன. ஒன்று, "எல்லாம் காப்பி". இன்னொன்று, "காசு இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனியையே வாங்கிவிட்டார்கள்". 2007-இல் சீனாவில் விற்பனைக்கு வந்த ரோவே 750 என்ற நடுத்தர அளவு செடானைப் பற்றி இரண்டும் சொல்லப்படுகின்றன. அது பிரிட்டனின் ரோவர் 75 காரைப் பார்த்து அடித்த நகல் என்பார்கள் சிலர். ரோவர் கம்பெனியைச் சீனா விழுங்கிவிட்டது என்பார்கள் வேறு சிலர். நடந்தது இரண்டுமில்லை. அந்தக் காரை உருவாக்கிய ஷாங்காய் நிறுவனம் நகலும் எடுக்கவில்லை, கம்பெனியையும் வாங்கவில்லை. ஒரு காரை உருவாக்கும் அறிவின் ஒரு பகுதியை மட்டும் விலை கொடுத்து வாங்கியது. மீதியைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த "ஒரு பகுதி" எது, "மீதி" எது என்று புரிந்துகொண்டால், கார் தொழில் குறித்த பல செய்திகள் தெளிவாகிவிடும். எம்ஜி கார் பிரிட்டிஷா சீனமா என்று இந்தியாவில் நடக்கும் வாதமும் அதில் அடக்கம்.

முதலில் ஒரு சொல். பின்புறம் தனியாக டிக்கி வைத்த, நான்கு கதவு கார்தான் செடான். அதில் நடுத்தர அளவு என்பது டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்டு போன்றவற்றின் வரிசை. ஏறத்தாழ 4.7 முதல் 4.9 மீட்டர் வரை நீளம் இருக்கும்.

ஒரு மெஸ் மூடப்படுகிறது

ஊரில் பெயர்பெற்ற மெஸ் ஒன்று கடனில் மூழ்கி மூடப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதை "வாங்குவது" என்றால் எதை வாங்குவது? குழம்புப் பக்குவம் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒரு சொத்து. அண்டா, அடுப்பு, கிரைண்டர் எல்லாம் இன்னொரு சொத்து. வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை மூன்றாவது. இருபது வருடம் அங்கே கரண்டி பிடித்த மாஸ்டரோ யாருக்கும் சொத்தில்லை. கடை மூடியதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த நான்கும் நான்கு வேறு கைகளுக்குப் போகலாம். நோட்டு வைத்திருப்பவரிடம் அண்டா இருக்காது. அண்டா வைத்திருப்பவரிடம் பக்குவம் எழுத்தில் இருக்காது. பெயர்ப் பலகைக்காரர் சமைக்கவே மாட்டார். மாஸ்டர் யாரோடு போகிறாரோ அங்கேதான் கைமணமும் போகும்.

ரோவர் விஷயத்தில் நடந்தது ஏறக்குறைய இதுவேதான்.

ரோவர் 75: நல்ல கார், கெட்ட நேரம்

ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 1994-இல் ரோவர் குழுமத்தை வாங்கியது. அதன் பணத்தில், அதன் மேற்பார்வையில் உருவான புதிய செடான்தான் ரோவர் 75. 1998 அக்டோபரில் பர்மிங்ஹாம் கார் கண்காட்சியில் அதன் திரை விலகியது. முன்சக்கர இயக்கம், பழைய ஆங்கிலேயப் பாணி உட்புறம், மென்மையான ஓட்டம். அந்தக் காலத்து ரோவர்களிலேயே மிக நிதானமாக, மிகக் கவனமாகச் செய்யப்பட்ட கார் அது என்பது என் கருத்து.

ஆனால் அறிமுகமான அன்றே பிஎம்டபிள்யூ தலைவர் பெர்ன்ட் பிஷெட்ஸ்ரீடர் ரோவரின் நிதிநிலை பற்றிக் கவலையோடு பேசினார். மறுநாள் பத்திரிகைகளில் காரை விட அந்தப் பேச்சுதான் பெரிதாக வந்தது. 2000-ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூ கையைக் கழுவியது. லேண்ட் ரோவர் ஃபோர்டுக்குப் போனது. மினி என்ற சிறிய காரை பிஎம்டபிள்யூ தன்னிடமே வைத்துக்கொண்டது. மீதமிருந்த கார் தொழிலை ஃபீனிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கூட்டணிக்கு வெறும் 10 பவுண்டுக்குக் கொடுத்தது. அப்படிப் பிறந்ததுதான் எம்ஜி ரோவர். எம்ஜி என்பது ரோவர் குழுமத்திடம் இருந்த இன்னொரு பிரிட்டிஷ் கார் பெயர்.

புதிய காரை உருவாக்க எம்ஜி ரோவரிடம் பணம் இல்லை. டாடா இண்டிகாவைப் புனேவிலிருந்து வரவழைத்து, 2003-இல் சிட்டிரோவர் என்ற பெயரில் விற்கும் நிலைக்கு வந்தது. கூட்டாளி தேடி ஷாங்காய் சென்றது. பேச்சுவார்த்தை நீண்டது, முடிவு வரவில்லை. 2005 ஏப்ரலில் கம்பெனி திவாலானது. பர்மிங்ஹாமை ஒட்டிய லாங்பிரிட்ஜ் ஆலையில் சுமார் 6,000 பேர் வேலையிழந்தார்கள்.

யாருக்கு எது போனது

நோட்டுப் புத்தகம் எஸ்ஏஐசி நிறுவனத்துக்குப் போனது. ஷாங்காய் நகர அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் பெரிய கார் குழுமம் அது. கம்பெனி மூழ்குவதற்கு முன்பே, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலத்தில், ரோவர் 25, ரோவர் 75 ஆகிய கார்களுக்கும் கே-சீரிஸ் எஞ்சினுக்கும் உரிய அறிவுசார் சொத்தை 67 மில்லியன் பவுண்டு கொடுத்து அது வாங்கிவிட்டது. அறிவுசார் சொத்து என்றால் கையால் தொட முடியாத சொத்து: வரைபடங்கள், அளவுகள், பொருள் விவரக் குறிப்புகள், சோதனைப் பதிவுகள், அவற்றைப் பயன்படுத்திப் பொருளை உற்பத்தி செய்யும் சட்டப்பூர்வ உரிமை.

அண்டாவும் அடுப்பும் இன்னொரு சீன நிறுவனத்துக்குப் போயின. திவால் நிர்வாகிகளிடமிருந்து நான்ஜிங் ஆட்டோ 2005 ஜூலையில் ஆலையின் இயந்திரங்களையும் எம்ஜி என்ற பெயரையும் வாங்கியது. வெல்டிங் சாதனங்களும் எஞ்சின் உற்பத்தி வரிசையும் கழற்றி, பெட்டியில் அடைத்து, கப்பலில் நான்ஜிங்குக்கு ஏற்றப்பட்டன.

ரோவர் என்ற பெயர் இருவருக்கும் கிடைக்கவில்லை. 2000-இல் கார் தொழிலைக் கொடுத்தபோதும் அந்தப் பெயரை பிஎம்டபிள்யூ தன்னிடமே வைத்துக்கொண்டது, எம்ஜி ரோவர் அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்தி வந்தது. எஸ்ஏஐசி அந்தப் பெயரைக் கேட்டது. ஆனால் லேண்ட் ரோவரை வாங்கியபோதே, ரோவர் பெயர் விற்கப்பட்டால் முதல் வாய்ப்பு தனக்கு என்று ஃபோர்டு எழுதி வாங்கியிருந்தது. லேண்ட் ரோவர் என்ற பெயருக்குக் குழப்பம் வரக்கூடாது என்பது அதன் கவலை. 2006-இல் ஃபோர்டு அந்த வாய்ப்பைப் பயன்படுத்திப் பெயரை வாங்கியது. 2008-இல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாடா மோட்டார்ஸ் வாங்கியபோது ரோவர் பெயரும் சேர்ந்து வந்தது. ஆக, "சீனா வாங்கிவிட்டது" என்று சொல்லப்படும் ரோவர் என்ற பெயர் இன்று ஓர் இந்தியக் குழுமத்திடம் இருக்கிறது.

பெயர் கிடைக்காத எஸ்ஏஐசி, 2006 அக்டோபரில் ரோவே என்ற புதுப் பெயரை அறிவித்தது. அந்தப் பெயரில் வந்த முதல் கார்தான் 750.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எஸ்ஏஐசியிடம் காரைச் செய்யும் உரிமை இருந்தது, ஆனால் செய்வதற்கான கருவிகள் இல்லை. நான்ஜிங்கிடம் கருவிகள் இருந்தன, வடிவமைப்பு உரிமை இல்லை. ரோவர் என்ற பெயர் இருவரிடமும் இல்லை.

வரைபடம் இருந்தால் கார் வந்துவிடுமா?

இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். முழு வரைபடமும் கையில் இருந்தால் மறுநாளே உற்பத்தி தொடங்கலாம் என்று நினைக்கிறார்கள்.

காரின் கதவும் கூரையும் எஃகுத் தகட்டிலிருந்து வருகின்றன. தட்டையான தகட்டைப் பெரிய அழுத்து இயந்திரத்தில் வைத்து, மேலும் கீழும் இரண்டு கனத்த எஃகு அச்சுகளுக்கு நடுவே நசுக்கினால் கதவின் வளைவு கிடைக்கும். அந்த அச்சுக்கு டை என்று பெயர். ஒவ்வொரு தகட்டு உறுப்புக்கும் தனித்தனி டைகள் வேண்டும். நசுக்கிய தகடு விட்டவுடன் கொஞ்சம் பின்னோக்கி நிமிரும். எவ்வளவு நிமிரும் என்பது தகட்டின் தரத்தைப் பொறுத்தது. அந்த நிமிர்வையும் கணக்கில் வைத்துத்தான் டையின் வளைவைச் செதுக்க வேண்டும். சீன எஃகு ஆலை தரும் தகட்டுக்கு ஏற்ப டை செய்தவர்கள், வரைபடத்தில் ஒரே எண்ணாக இருக்கும் வளைவுக்காகப் பலமுறை சோதித்துத் திருத்தியாக வேண்டும்.

அடுத்தது உதிரிபாகங்கள். எந்தக் கார் நிறுவனமும் தன் காரின் எல்லா பாகத்தையும் தானே செய்வதில்லை. ரோவர் 75-இன் மேனுவல் கியர்பாக்ஸ் கெட்ராக் நிறுவனத்துடையது, ஆட்டோமேட்டிக் ஜாட்கோவுடையது, டீசல் எஞ்சின் பிஎம்டபிள்யூவுடையது. இவற்றின் வடிவமைப்பு எம்ஜி ரோவருக்குச் சொந்தமே இல்லை. தன்னிடம் இல்லாததை அது எப்படி விற்கும்? வாங்கிய நோட்டில் அந்தப் பக்கங்கள் இருக்கவில்லை. எஸ்ஏஐசி ஒவ்வொரு பாகத்துக்கும் சப்ளையரைத் தேடி, சீனாவில் கிடைக்கும் மாற்று பாகத்தைப் பொருத்தி, மீண்டும் சோதிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, மிக முக்கியமானது: ஏன் என்ற கேள்வி. ஓரிடத்தில் தகடு 1.2 மில்லிமீட்டர், பக்கத்தில் 0.8 என்று வரைபடம் சொல்லும். ஏன் அப்படி என்று சொல்லாது. மோதல் சோதனையில் அந்த இடம் கிழிந்ததாலா, அதிர்வு வந்ததாலா, கிடங்கில் அந்தத் தகடுதான் இருந்ததாலா? அது வரைந்தவரின் தலைக்குள் இருக்கிறது. காரை அப்படியே செய்தால் இந்தக் கேள்வி எழாது. மாற்ற நினைத்த நொடியில் எழும்.

எஸ்ஏஐசி இதைப் புரிந்துகொண்டது. அதன் நடவடிக்கைகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பேன். பிரிட்டனின் ரிக்கார்டோ என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் 2005-இல் ரிக்கார்டோ 2010 என்ற தனிக் குழுவை லெமிங்டன் ஸ்பா நகரில் அமைத்தது. அதில் எம்ஜி ரோவரில் வேலையிழந்த பொறியாளர்கள் பலர் சேர்ந்தார்கள். அவர்களுடைய ஒரே வேலை எஸ்ஏஐசிக்குக் காரை உருவாக்கித் தருவது. 2007-இல் அந்தக் குழுவையே எஸ்ஏஐசி தன்னுடையதாக்கிக்கொண்டது. மாஸ்டர் யாரோடு போனார் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

பிளாட்ஃபார்ம்: கண்ணுக்குத் தெரியாத கார்

அடிக்கடி கேட்கும் சொல் பிளாட்ஃபார்ம். பலர் இதை லாரியின் சேஸிஸ் போல ஒரு தனி இரும்புச் சட்டம் என்று எண்ணுகிறார்கள். இன்றைய செடான்களில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, எஞ்சின் உட்காரும் முன்பகுதி, எஞ்சினையும் பயணிகளையும் பிரிக்கும் தடுப்புச் சுவர், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், மோதலில் நசுங்கி விசையை வாங்கும் நீளத் தண்டுகள், இவற்றுக்கிடையிலான மாறாத அளவுகள்: இந்தத் தொகுப்பே பிளாட்ஃபார்ம். இதன்மேல் எந்த உடலை வைத்தாலும் வெளியே காண்பவருக்கு வேறு காராகத் தெரியும்.

ஒரு காரை உருவாக்கும் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது, ஏனென்றால் மோதல் பாதுகாப்பும் ஓட்டத்தின் தன்மையும் இங்கேதான் தீர்மானமாகின்றன. விளக்கையும் கிரில்லையும் மாற்றுவது அதனோடு ஒப்பிட்டால் சிறிய வேலை. எனவே ஒரு கார் இன்னொன்றைப் போல இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில் பொருளில்லை. முகம் ஒன்றாக இருந்து பிளாட்ஃபார்ம் வேறாக இருக்கலாம். முகம் வேறாக இருந்து பிளாட்ஃபார்ம் ஒன்றாகவும் இருக்கலாம். 2019-இல் எம்ஜி ஹெக்டர் என்று இந்தியாவில் அறிமுகமான வண்டி, சீனாவில் பாவ்ஜுன் 530 என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த அதே வண்டி. அதன் முகப்பில் இருக்கும் எம்ஜி முத்திரை பிரிட்டனில் பிறந்தது, பிளாட்ஃபார்ம் பிரிட்டனில் பிறந்ததல்ல.

பத்து சென்டிமீட்டர் கூட்டுவதன் கதை

ரோவர் 75-ஐயும் ரோவே 750-ஐயும் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணில் படும் முக்கிய வேறுபாடு நீளம். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். 75-இல் அது 2,746 மில்லிமீட்டர். 750-இல் 2,849. ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் கூடுதல், முழுவதும் பின்சீட்டுக்காரரின் முழங்காலுக்கு.

சீனாவில் அந்த வகைக் காரை வாங்கியவர்கள் பெரும்பாலும் அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் தொழிலதிபர்களும். ஓட்டுநர் முன்னே, உரியவர் பின்னே. சொந்தமாக ஓட்டும் குடும்பமும் பெற்றோரைப் பின்னால் தாராளமாக உட்கார வைக்க விரும்பும். ஆடி நிறுவனம் தன் ஏ6 காரைச் சீனாவுக்கென்றே நீட்டி விற்று வந்தது இதனால்தான். ரோவர் 75-இன் பின்சீட்டோ பிறந்ததிலிருந்தே கொஞ்சம் நெருக்கடியானது.

நீட்டுவது எளிதா? நடுவில் வெட்டி ஒரு துண்டைச் செருகுவது போலத் தோன்றும். ஆனால் நீளம் கூடினால் உடல் முறுகும் தன்மையும் கூடும். கதவுகள் நீளும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் தாங்க வேண்டிய இடைவெளி அகலமாகும். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், மின்கம்பி எல்லாம் மாறும். எடை பின்னால் நகர்வதால் ஸ்பிரிங்குகளின் கணக்கும் மாறும்.

இரண்டு விஷயங்கள் துணைக்கு வந்தன. முன்சக்கர இயக்கம் என்பதால் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் சுழல் தண்டு கிடையாது. நீட்டுவதற்கு ஒரு தடை குறைவு. மேலும், லிமோசின் வடிவில் 75-ஐ 20 சென்டிமீட்டர் நீட்டிய அனுபவம் ரோவரிடம் ஏற்கெனவே இருந்தது. இந்த பிளாட்ஃபார்ம் எங்கே நீளும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் லெமிங்டனில் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவலி தந்த எஞ்சின்

கே-சீரிஸ் எஞ்சினுக்கு ஒரு பெயர் உண்டு, நல்ல பெயர் அல்ல. எடை குறைந்த அலுமினிய எஞ்சின், 1988-இல் வந்தபோது பாராட்டப்பட்டது. பின்னர் 1.8 லிட்டர் வரை பெரிதாக்கினார்கள். அப்போதுதான் ஹெட் கேஸ்கட் போகும் தொல்லை பரவலாகப் பேசப்பட்டது. எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். அது பழுதானால் குளிர்விக்கும் நீர் கசியும், எஞ்சின் சூடேறும், கவனிக்காவிட்டால் பெருஞ்செலவு.

நகலெடுப்பவராக இருந்தால் இந்தக் குறையையும் சேர்த்து நகலெடுத்திருப்பார். எஸ்ஏஐசி 750-ஐ முதலில் 2.5 லிட்டர் வி6 எஞ்சினோடு விற்பனைக்கு விட்டது. டர்போ பூட்டிய 1.8 லிட்டர் எஞ்சின் திருத்தங்களுக்குப் பிறகு அதே 2007-இல் சேர்ந்தது. வாங்கிய வடிவத்தின் பலவீனம் எது என்று கண்டு திருத்துவதுதான் பொறியியல். எஸ்ஏஐசியின் பொறியாளர்கள் அதை முதன்முதலாகப் பெரிய அளவில் பழகிய இடம் இந்தக் கார்.

ஏன் இவ்வளவு பாடு?

எஸ்ஏஐசிக்கு அப்போது கார் தொழில் புதிதல்ல. ஃபோக்ஸ்வாகனுடன் 1980-களிலிருந்தும், ஜெனரல் மோட்டார்ஸுடன் 1990-களின் இறுதியிலிருந்தும் கூட்டு நிறுவனம் நடத்தி வந்தது. வெளிநாட்டு நிறுவனமும் சீன நிறுவனமும் பங்கு போட்டு நடத்தும் ஆலையே கூட்டு நிறுவனம். சீனாவில் பயணிகள் கார் செய்ய வரும் வெளிநாட்டு நிறுவனம் பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்ற விதி 2022 வரை இருந்தது. அந்த ஏற்பாட்டில் சாண்டானா, ப்யூக் கார்கள் லட்சக்கணக்கில் ஷாங்காயிலிருந்து வெளிவந்தன.

ஆனால் அவை ஜெர்மானியரும் அமெரிக்கரும் வடிவமைத்தவை. பொருத்தி ஓட்டுவதில் சீனத் தொழிலாளர்கள் கைதேர்ந்தார்கள். புதிதாக ஒன்றை வரையும் வேலை வெளியே இருந்தது. 2006-இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சொந்த பிராண்டு கார்கள் வேண்டும் என்று அரசு அழுத்தியது. இருபது ஆண்டு கார் செய்தும் சொந்தக் கார் இல்லாத நிலை எஸ்ஏஐசிக்குப் பெரிய உறுத்தல். புதிய பிளாட்ஃபார்மை வெறுங்கையோடு தொடங்கினால் பல ஆண்டுகள் ஆகும். உரிமையோடு ஒன்றை வாங்கி, அதைத் திருத்தித் திருத்திக் கற்பது குறுக்கு வழியல்ல, இருந்த வழிகளில் நேர்மையானது.

நகல் என்பது வேறு

சீனத் தொழிலில் நகலே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. லேண்ட்விண்ட் எக்ஸ்7 என்ற வண்டி ரேஞ்ச் ரோவர் இவோக்கின் தனித்த வடிவ அம்சங்களைக் காப்பியடித்தது என்று பெய்ஜிங் நீதிமன்றமே 2019-இல் தீர்ப்பளித்தது. செரி க்யூக்யூ தன் சிறிய காரின் நகல் என்று ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு தொடுத்தது, பிறகு சமரசம் ஆனது.

உரிமம் பெற்றுச் செய்வது இரண்டாவது வகை. ஜப்பானின் மாஸ்டா 6 காரின் பிளாட்ஃபார்மில் எஃப்ஏடபிள்யூ என்ற சீன நிறுவனம் செய்த பெஸ்டர்ன் பி70 அப்படிப்பட்டது. வடிவமைப்பை விலைக்கே வாங்குவது மூன்றாவது. ரோவே 750 அந்த வகை. 2009-இல் ஸ்வீடனின் சாப் கார்களின் தொழில்நுட்பத்தை வாங்கிய பெய்ஜிங் ஆட்டோவும் அதே வழியில் நடந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பது, திருடியவரையும் விலை கொடுத்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது.

ஒரே காரின் இரண்டு பிள்ளைகள்

அண்டாக்களை அள்ளிச் சென்ற நான்ஜிங் ஆட்டோவும் சும்மா இருக்கவில்லை. 2007 மார்ச்சில் எம்ஜி 7 என்ற பெயரில் தன் செடானைக் கொண்டுவந்தது. பழைய இயந்திரங்களிலிருந்து வந்ததால் அது அசல் ரோவர் 75-ஐ அச்சாக ஒத்திருந்தது. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் ஒரே நாட்டுச் சந்தையில், ஒரே ஆண்டில், எதிரெதிரே. உரிமை ஒருவரிடமும் கருவி ஒருவரிடமும் பிரிந்து கிடந்த விபரீதம் நீடிக்க முடியாததாக இருந்தது. 2007 டிசம்பரில் நான்ஜிங்கின் கார் தொழில் எஸ்ஏஐசியோடு இணைந்தது. எம்ஜி பெயர் எஸ்ஏஐசியிடம் வந்தது அப்போதுதான், பிரிட்டனிலிருந்து நேரடியாக அல்ல.

அடுத்த ஆண்டே, 75-இன் பிளாட்ஃபார்மை அடிப்படையாக வைத்து, தோற்றத்தில் முற்றிலும் வேறான ரோவே 550 வந்தது. அதிலிருந்து எம்ஜி 6 பிறந்தது. 2011-இல் எம்ஜி 6-இன் பாகங்கள் சீனாவிலிருந்து பிரிட்டனுக்கு வந்து, அதே லாங்பிரிட்ஜில் பொருத்தப்பட்டன. அந்தப் பொருத்தும் வேலை 2016-இல் நின்றது.

எல்லாம் நேர்கோட்டில் ஏறவில்லை. 2012-இல் 750-க்கு மேலே நிறுத்த எஸ்ஏஐசி கொண்டுவந்த ரோவே 950, ஜெனரல் மோட்டார்ஸின் பிளாட்ஃபார்மில் உட்கார்ந்திருந்தது. பெரிய செடானுக்குச் சொந்தத் தளம் அப்போதும் கைகூடவில்லை. மின்சாரக் கார்கள் வந்த பிறகுதான் நிலைமை திரும்பியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் நீங்கி, தரைக்கடியில் பேட்டரி பரவிய பிளாட்ஃபார்மில் பழைய ஐரோப்பிய அனுபவத்தின் அனுகூலம் சுருங்கிவிட்டது. ஏ6-ஐச் சீனாவுக்காக நீட்டிக் கொடுத்த ஆடி, 2024-இல் சீனச் சந்தைக்கான மின்சாரக் கார்களுக்குப் புதிய பிளாட்ஃபார்மை எஸ்ஏஐசியோடு சேர்ந்து உருவாக்க ஒப்பந்தம் செய்துகொண்டது.